எதிர்பாராதது நடக்கும்போது: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வரும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு

திருநெல்வேலியிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் வேலைக்கு வருகிறவர்கள் சபைக்கு வரும் முதல் ஞாயிறே சில கேள்விகளைக் கேட்பார்கள். வீடு எந்தப் பகுதியில் பார்க்கலாம், பிள்ளைகளை எங்கே சேர்க்கலாம், தமிழில் ஆராதனை எங்கே நடக்கிறது. வேலை போய்விட்டால் என்ன செய்வது, வழியில் அடித்துப் பிடுங்கினால் யாரைக் கூப்பிடுவது என்று யாரும் கேட்பதில்லை. புது ஊருக்கு வந்த சந்தோஷத்தில் அதற்கு வாய் வராது. அப்படிப் பேசுவதே அவிசுவாசம் என்று நினைக்கிறவர்களும் உண்டு.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. "நாளையதினத்தைக்குறித்துப் பெருமைபாராட்டாதே, ஒருநாள் பிறப்பிப்பதை அறியாயே" என்று நீதிமொழிகள் 27:1 நேரடியாகவே சொல்கிறது. விசுவாசிக்கு எதிர்பாராதது வராது என்று வேதத்தில் எங்கேயும் இல்லை. வந்தபின் முதலில் எதைச் செய்வது, அடுத்து எதைச் செய்வது என்பதற்குத்தான் அதில் நிறைய உதவி இருக்கிறது. அந்த வரிசையை இந்த நாட்டுச் சட்டதிட்டங்களோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வந்த முதல் மாதத்தில்

ஏழு வருஷம் நல்ல விளைச்சல் இருந்தபோதே யோசேப்பு தானியம் சேர்த்து வைத்தான். அவன் பஞ்சத்துக்குப் பயந்தவன் என்று யாரும் சொல்வதில்லை. நீங்களும் கை நிறையச் சம்பளம் வரும்போதே சில காரியங்களை முடித்துவிடுங்கள்.

முதலில் காகிதங்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் நகல் எடுத்து, பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போனால் இலவசமாகவே சான்றொப்பம் போட்டுத் தருவார்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சான்றொப்பத்தைப் பல அலுவலகங்களில் வாங்க மாட்டார்கள் என்பதால் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிவரும். ஒரு தொகுப்பு வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று ஊரில் அப்பாவிடமோ அண்ணனிடமோ இருக்கட்டும். மாதாமாதம் வரும் பேஸ்லிப்பை ஒன்றுவிடாமல் சேமியுங்கள். அது எவ்வளவு முக்கியம் என்பது கீழே வரும்.

விசா முடியும் தேதியைக் கணவன், மனைவி இருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை அந்தத் தேதிக்கு 60 நாளாவது முன்பே கொடுக்க வேண்டும் என்பது விதி. காலம் தாண்டித் தங்கினால், 30 நாளுக்குள் என்றால் ஒரு வருஷமும், அதற்கு மேல் போனால் ஐந்து வருஷமும் இந்த நாட்டுக்குள் வர முடியாமல் போகலாம்.

அடுத்தது மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவச் செலவுக்கான காப்பீட்டுத் திட்டம். கம்பெனி தந்தால் முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மூன்று மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்பும் வைக்க இங்கே திட்டங்களுக்கு அனுமதி உண்டு. நோய் வந்தபின் சேர்ந்துகொள்ளலாம் என்பது இங்கே நடக்காது. அப்புறம், மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் சேர்க்கத் தொடங்குங்கள். ஊருக்கு அனுப்பும் தொகையைக் கொஞ்ச காலம் குறைத்தாவது இதைச் செய்யலாம். ஊரில் இருப்பவர்களுக்கு வருத்தமாக இருக்கும். முன்கூட்டியே காரணத்தைச் சொல்லிவிட்டால் புரிந்துகொள்வார்கள்.

10111 போலீஸ், 10177 ஆம்புலன்ஸ், செல்போனிலிருந்து எதற்கும் 112. இந்த மூன்று எண்களையும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

சபை தேடுவதைத் தள்ளிப் போடாதீர்கள்

செட்டில் ஆனபின் ஒரு சபையில் சேரலாம் என்று பலர் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று வீட்டிலேயே ஆன்லைன் ஆராதனை பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். இதை நான் வன்மையாகவே மறுப்பேன். கஷ்டம் வந்த ராத்திரியில் யூடியூப் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாது.

இந்த நாட்டில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலின் பயணிகள் பட்டியலிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் வந்த அவர்கள் என்னவெல்லாம் எதிர்பாராமல் சந்தித்தார்கள் என்பது பெரிய கதை. 1862-ல் இங்கே ஊழியத்துக்கு வந்த மெதடிஸ்ட் போதகர் ரால்ஃப் ஸ்டாட் இலங்கையில் பல வருஷம் இருந்து தமிழ் கற்றவர். ஆங்கிலிக்கன் சபையின் டாக்டர் லான்சலட் பூத் இந்தியர்களுக்காகச் செயின்ட் ஏடன்ஸ் மிஷனை நடத்தினார். இன்று டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று எந்தப் பக்கம் போனாலும் சபைகள் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இங்கே பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டு மொழி இப்போது ஆங்கிலம்தான். பெயர் கோவிந்தசாமி என்றோ நாயுடு என்றோ இருக்கும், பேச்சு ஆங்கிலத்தில் இருக்கும். 'இவர்கள் நம்மவர்கள் இல்லை' என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஒரு வீட்டில் மரணம் என்றால் இந்த அங்கிள்களும் ஆன்ட்டிகளும் நாற்காலி, பந்தல், அண்டா நிறையச் சாப்பாடு என்று வந்து நிற்பதைப் பார்த்தால் பாளையங்கோட்டைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

சபையில் சேர்ந்ததும், நடுராத்திரியில் கூப்பிடக்கூடிய இரண்டு குடும்பங்களைத் தெரிந்து வையுங்கள். போதகர் ஒருவரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அவருக்கும் தூக்கம் வேண்டும்.

செய்தி வந்த அன்று

வேலை போன செய்தியோ, ஊரில் தகப்பனார் இறந்த செய்தியோ, டாக்டர் சொன்ன செய்தியோ, எதுவாக இருந்தாலும் முதல் நாளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லும் அதிகாரம் அப்போஸ்தலர் 27.

பவுல் கைதியாக ரோமாபுரிக்குப் போகிற கப்பல் புயலில் மாட்டுகிறது. பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. கப்பலில் 276 பேர். தேவதூதன் வந்து, கப்பல் போனாலும் ஒரு உயிரும் போகாது என்று பவுலுக்குச் சொல்லிவிட்டான். இத்தனை பெரிய வாக்குத்தத்தம் கையில் இருக்கும்போதும் அந்த அதிகாரம் முழுக்க வேலை நடக்கிறது. ஆழம் அளக்கிறார்கள். பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டுவிட்டு, பொழுது எப்போது விடியும் என்று காத்திருக்கிறார்கள். மாலுமிகள் படகில் தப்பியோடப் பார்க்கிறபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று பவுல் எச்சரிக்கிறான். பதினான்கு நாளாகச் சாப்பிடாமல் இருக்கிறவர்களைச் சாப்பிடச் சொல்லி, தானே அப்பத்தை எடுத்து, எல்லார் முன்பாகவும் ஸ்தோத்திரம் பண்ணிப் பிட்டுச் சாப்பிடுகிறான். கப்பல் உடைந்துதான் போனது. பலகைகளையும் உடைந்த துண்டுகளையும் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் கரை சேர்ந்தார்கள்.

முதல் நாளுக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. சாப்பிடுங்கள், பசி இல்லாவிட்டாலும். சூரைச்செடியின் கீழே 'போதும்' என்று படுத்த எலியாவுக்கும் தேவன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும் தூக்கமும்தான். பேச்சு அப்புறம்தான் வந்தது. அன்று எந்த முடிவும் எடுக்காதீர்கள். ராஜினாமா, ஊருக்குத் திரும்பும் டிக்கெட், கோபத்தில் மேனேஜருக்கு எழுதும் ஈமெயில் எல்லாம் விடியும் வரை காத்திருக்கட்டும். கணவன் மனைவியிடம் மறைக்கக் கூடாது. வேலை போனதை மறைத்து, காலையில் வழக்கம்போல டை கட்டிக்கொண்டு கிளம்பிப் போய், எங்கேயோ காரில் உட்கார்ந்திருந்து சாயங்காலம் திரும்பும் ஆண்கள் இருக்கிறார்கள். அந்த மறைப்பு, வேலை போனதைவிட அதிகமாக வீட்டை உடைக்கும். அந்தச் சபைக் குடும்பங்களில் ஒன்றையும் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் 13-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று அது தொடங்குகிறது. தாவீது தேவனிடம் கேட்டதை நீங்களும் கேட்கலாம். சிரித்த முகத்தோடு 'எல்லாம் நன்மைக்கே பிரதர்' என்று சொல்லிக்கொண்டு திரிய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ரோமர் 8:28 உண்மையான வசனம்தான். ஆனால் அந்த அதிகாரத்திலேயே அதற்கு இரண்டு வசனம் முன்னால், நாம் வேண்டிக்கொள்ள வேண்டியது இன்னதென்று அறியாமல் இருக்கும்போது ஆவியானவரே பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது. பெருமூச்சு விடும் நாட்களுக்கும் அங்கே இடம் உண்டு.

உயிரே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் 0800 567 567 என்ற இலவச எண்ணை உடனே கூப்பிடுங்கள். பகலும் இரவும் ஆள் இருப்பார்கள். இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலை போனால்

இதைத்தான் விரிவாக எழுத வேண்டும். உரிமை தெரியாமல் நம்மவர்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான்.

முதல் விதி: ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 'நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் ரெக்கார்ட் சுத்தமாக இருக்கும்' என்று அன்பாகச் சொல்வார்கள். தானாக வேலையை விட்டவருக்குப் பொதுவாக யூஐஎஃப் என்ற வேலையிழப்புக் காப்பீட்டுப் பணம் கிடைக்காது. நியாயமில்லாமல் நீக்கப்பட்டேன் என்று பிறகு வழக்காடுவதும் கஷ்டமாகிவிடும். எந்தக் காகிதம் நீட்டினாலும், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

ஆள் குறைப்பு என்றால், இங்கே எல்லாரும் ரீட்ரென்ச்மென்ட் என்றுதான் சொல்வார்கள், கம்பெனி முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துத் தொழிலாளர்களோடு கலந்து பேச வேண்டும். முடித்த ஒவ்வொரு வருஷ வேலைக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் தர வேண்டும். நோட்டீஸ் காலம் ஆறு மாதத்துக்குள் வேலை பார்த்தவருக்கு ஒரு வாரம், அதற்கு மேல் ஒரு வருஷத்துக்குள் இரண்டு வாரம், ஒரு வருஷமும் அதற்கு மேலும் நான்கு வாரம். எடுக்காத வருடாந்திர விடுப்புக்கும் பணம் உண்டு.

நீக்கியது நியாயமில்லை என்று நினைத்தால் சிசிஎம்ஏ என்ற சமரச ஆணையத்துக்குப் போகலாம். வேலை போன நாளிலிருந்து 30 நாளுக்குள் 7.11 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. முதல் இரண்டு வாரம் அதிர்ச்சியிலும் உபவாச ஜெபத்திலும் போய்விடும், அப்புறம் தேதி தாண்டிவிடும். தாமதத்துக்குக் காரணம் காட்டி விண்ணப்பிக்க வழி இருந்தாலும் அதை நம்பி இருக்காதீர்கள். உபவாசம் இருங்கள், அந்த வாரமே படிவத்தையும் கொடுத்துவிடுங்கள். விசா சிக்கலில் இருக்கிறவர்கள் தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று பயந்து ஒதுங்குவதைப் பார்க்கிறேன். செல்லுபடியாகும் வேலை அனுமதி இல்லாத வெளிநாட்டவருக்கும் நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு உண்டு என்று தொழிலாளர் நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

'விசுவாசி வழக்குக்குப் போகலாமா?' என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். பவுலை வாரினால் அடிக்கக் கட்டியபோது, நியாயம் விசாரிக்கப்படாத ரோமனை அடிக்கலாமா என்று அவன் கேட்டான். பிறகு இராயனுக்கு அபயமிட்டான். சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்தியதால் அவனுடைய விசுவாசம் குறைந்துவிட்டதாக லூக்கா எழுதவில்லை. பொய் சொல்லாமல், பழிவாங்கும் எண்ணம் இல்லாமல் உங்களுக்கு உரியதைக் கேளுங்கள்.

யூஐஎஃப் பணத்துக்கு மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் 1 சதவீதமும் கம்பெனி பங்காக 1 சதவீதமும் போகும். வேலை விசாவில் வந்தவர்களும் 2018 மார்ச் முதல் இதில் அடக்கம். பேஸ்லிப்பில் இந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வேலை போனதும் கம்பெனியிடம் யூஐ-19 படிவத்தைக் கேட்டு வாங்கி, லேபர் சென்டர் என்ற அரசுத் தொழிலாளர் அலுவலகத்திலோ இணையத்திலோ விண்ணப்பியுங்கள். தாமதம் ஆகும். ஃபைலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். காலை ஏழு மணிக்கே வரிசையில் நிற்பது நல்லது.

பொது வேலை விசாவில் இருந்தால் அது அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. வேறு இடத்தில் சும்மா போய்ச் சேர்ந்துவிட முடியாது. குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் முதல் வாரத்திலேயே பணம் கொடுத்து ஆலோசனை கேளுங்கள். சபையில் யாரோ சொன்னதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

கொள்ளை, நோய், மரணம்

துப்பாக்கியோ கத்தியோ காட்டினால் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். எதிர்க்க வேண்டாம், முகத்தை உற்றுப் பார்க்கவும் வேண்டாம். பிறகு போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்குங்கள். அது இல்லாமல் காப்பீடும் வராது, தொலைந்த பாஸ்போர்ட்டுக்குத் தூதரகத்தில் விண்ணப்பிக்கவும் முடியாது. இந்தியத் தூதரகம் பிரிட்டோரியாவில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க், டர்பன், கேப் டவுனில் துணைத் தூதரகங்கள் உண்டு. உடம்பில் காயம் இல்லாவிட்டாலும் மனதில் இருக்கும். சில வாரம் தூக்கம் வராது, சத்தம் கேட்டால் திடுக்கிடும். இதைச் சபையில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 27-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. மெடிக்கல் எய்ட் இல்லையென்றால் தனியார் மருத்துவமனைகள் முன்பணம் கேட்கும். அப்போது அரசு மருத்துவமனைக்குப் போகத் தயங்காதீர்கள். சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனையும் ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனையும் இருக்கின்றன. வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் அன்றே எழுத்தில் தெரியப்படுத்துங்கள். அதற்குத் தனி இழப்பீட்டு நிதி இருக்கிறது.

இங்கே ஒருவர் இறந்து, உடலை ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஹோம் அஃபேர்ஸ் என்ற உள்துறை அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்திய சான்றிதழ், தூதரகத்தின் தடையில்லாச் சான்று எல்லாம் வேண்டும். அனுபவமுள்ள இறுதிச்சடங்கு நிறுவனம் ஒன்றைச் சபையிலேயே காட்டுவார்கள். செலவு பெரிது. இங்கே வீட்டுக்கு வீடு ஃப்யூனரல் கவர் என்ற இறுதிச்சடங்குக் காப்பீடு எடுப்பதற்குக் காரணம் அதுதான். உடலைக் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று கேட்டு எடுங்கள்.

ஊரே தடுமாறும்போது

2021 ஜூலைக் கலவரத்தில் டர்பன் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாணத்திலும் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் காட்டெங் மாகாணத்திலும் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். கடைகள் எரிந்தன, ரொட்டியும் பால்மாவும் கிடைக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் வந்த வெள்ளத்தில் டர்பன் பகுதியில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டொங்காட்டில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையமே உடைந்து, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. ஆகவே வீட்டில் ஒரு வாரத்துக்கு அரிசி, பருப்பு, மருந்து, குடிநீர், மெழுகுவர்த்தி, கொஞ்சம் ரொக்கம் எப்போதும் இருக்கட்டும். பக்கத்து வீட்டாரோடு பழகுங்கள், அவர்கள் ஜூலுவாக இருந்தாலும் இந்துவாக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும். டொங்காட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டித் தண்ணீர் தந்தது கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ், ஒரு முஸ்லிம் டாக்டர் தொடங்கிய தொண்டு அமைப்பு. நல்ல சமாரியன் உவமையைப் பிரசங்கத்தில் கேட்ட நமக்கு அது ஆச்சரியமாக இருக்கக் கூடாது.

பணம் கேட்டு வருகிறவர்கள்

கஷ்டத்தில் இருப்பவனைத் தேடி இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் மஷோனிசா, அதாவது தெருக் கந்துவட்டிக்காரர். உங்கள் வங்கி அட்டையையோ பாஸ்போர்ட்டையோ அடகாக வாங்கிக்கொள்வார். அப்படி வாங்கி வைப்பது இங்கே சட்டவிரோதம். எவ்வளவு நெருக்கடி என்றாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இன்னொருவர் மேடையிலிருந்து வருவார். விதைக் காணிக்கை கொடு, வேலை திரும்பக் கிடைக்கும் என்பார். வேலை போன குடும்பத்தின் கடைசிச் சேமிப்பைத் தேவன் விலையாகக் கேட்பதில்லை. ஆதி சபையில் குறைவுபட்டவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். நீங்கள் நெருக்கடியில் இருக்கும்போது உங்களிடம் வாங்கப் பார்க்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கணக்கை வெளிப்படையாகக் காட்டும், மூப்பர்கள் குழு உள்ள சபையாகத் தேடுங்கள்.

இன்னொருவருக்கு நேரும்போது

உங்கள் நெருக்கடி தணிந்து கொஞ்ச நாளில், உங்களுக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பத்துக்கு அதே மாதிரி ஒன்று நடக்கும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். பேச ஆரம்பித்தபின்தான் கெடுத்தார்கள். 'தேவன் ஏன் இதை அனுமதித்தார்' என்று விளக்கம் சொல்லப் போகாதீர்கள். சோறும் குழம்பும் கொண்டுபோங்கள், சின்னப் பிள்ளைகளை ஒரு சாயங்காலம் பார்த்துக்கொள்ளுங்கள், லேபர் சென்டர் வரிசையில் அவரோடு போய் நில்லுங்கள். படிவத்தின் ஆங்கிலம் புரியாதவருக்கு நிரப்பிக் கொடுங்கள், ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் அவருக்குத் தமிழில் சொல்லிவிடுங்கள். முதல் வாரம் எல்லாரும் வருவார்கள், மூன்றாவது மாதம் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த மூன்றாவது மாதத்துக்கு இப்போதே போனில் ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள்.